இராகுகாலத்துக்கு முன் நுழைந்த நேர்முகம்

என் நேர்முகப் பரீட்சை செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு. செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை வரை இராகுகாலம். இந்த இரண்டு செய்திகளும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பது என் அம்மாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு ஓர் இடம். இரண்டு முறை விண்ணப்பத்தைப் பார்த்தே தள்ளிவிட்டார்கள். இது மூன்றாவது, அவர்கள் விதிப்படி கடைசி முறை. மற்றவர்கள் வெட்ட, நான் பக்கத்தில் நின்று நோயாளியின் வயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டே கிழவியாவதா, நானும் கத்தி பிடிப்பதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

“கேள்வியை அவை எப்ப எண்டாலும் கேக்கட்டும். நீ மூண்டுக்கு முந்தி நுழைஞ்சிடு, பிள்ளை” என்றார் அம்மா.

“அம்மா, அது வாசல் இல்லை. லிங்க்.”

“லிங்குக்குள்ளயும் நுழையிறதுதானே?”

செவ்வாய்க்கிழமையும் வந்தது.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டின் பின்னறையில், துறைமுகக் காற்று இரையாமலிருக்க யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, வியர்த்து ஊற்றக் கணினி முன் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எப்படியும் வெளியே காத்திருக்கத்தானே சொல்வார்கள், அம்மாவின் மனம் ஆறட்டும் என்று லிங்கை அழுத்தினேன். காத்திருக்க யாரும் சொல்லவில்லை. அவர்கள் உள்வழியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். நேரே உள்ளே போய் விழுந்தேன்.

நல்லவேளை, என் கமராவும் மைக்கும் அணைந்திருந்தன. திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண் நிபுணர், பிஸ்கட் கடித்தபடி ஓர் ஆண் நிபுணர். மூன்றரைக்கு வருகிறவருக்குக் குடல் அடைப்புக் கேள்வியைக் கொடுப்போம் என்றார் அந்தப் பெண். அதோடு விட்டாரா? என்னென்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

ஐயோ! வெளியேற மவுஸைப் பிடித்தேன். கதவடியில் நின்ற அம்மா இரண்டு கைகளையும் ஆட்டினார்.

“வெளிய போகாதை! திரும்பி நுழையிறதுக்குள்ள ராகுகாலம் வந்திடும்!”

பழியை அம்மாமீது போட எனக்கு ஆசைதான். ஆனால் காது என்னுடையது. பத்து நிமிடம், ஒரு சொல் விடாமல் கேட்டேன். கள்ளப் புத்தி.

கேட்டு முடிந்ததும் பயம் பிடித்தது. அந்த இடத்தை இப்படி வாங்கினால் நாளைக்கு எந்த முகத்தோடு ஒரு மனிதரின் வயிற்றைத் திறப்பேன்? மைக்கைத் திறந்தேன். நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. சாத்திய யன்னலையும் மீறி அது இங்கிலாந்துவரை கேட்டிருக்க வேண்டும். அந்த மனிதரின் கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது.

மன்னிக்க வேண்டும், நான் உள்ளே இருக்கிறேன், கேள்வி காதில் விழுந்துவிட்டது என்றேன்.

எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார்.

இப்போதுதான் வந்தேன் என்றேன். வாய் கொஞ்சமும் கூசவில்லை.

அவர்கள் ஒலியை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் கதைத்தார்கள். நானும் மைக்கை அணைத்தேன்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“கேள்வி காதில விழுந்திட்டுது எண்டு சொல்லிப்போட்டன்.”

“உனக்கென்ன விசரோ? வலிய வந்த சீதேவியைக் காலால உதைக்கிறியே!”

மூன்றரைக்கு வேறு கேள்வி வந்தது, தலையில் அடிபட்ட ஒருவரைப் பற்றி. பாதிதான் தெரிந்தது. மீதிக்கு, எனக்குத் தெரியாது, மூத்தவரைக் கூப்பிடுவேன் என்றேன். அன்று முழுக்க அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு கிழமையில் இடம் கிடைத்தது. அம்மா தெரு முழுக்கப் பாற்சோறு கொடுத்தார்.

அந்தப் பெண்தான் இன்று என் தலைமை நிபுணர். புதிதாகப் பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் என்னைக் காட்டி, கேள்வி காதில் விழுந்த அந்தக் கணமே வாய்திறந்து சொன்னவர் இவர் என்பார். நான் ஒவ்வொரு முறையும் என் சப்பாத்தைப் பார்ப்பேன்.

போன மாதம், இருவரும் சத்திரசிகிச்சைக்கு முன் கைகழுவிக்கொண்டிருந்தோம். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு இப்போதுதான் வந்தேன் என்று சொன்னது பொய், பத்து நிமிடம் ஒளிந்திருந்து பதிலையும் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முழங்கைவரை சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“தெரியும். நீங்கள் நுழைந்த நேரம் எங்கள் திரையில் பதிந்திருந்தது. பின்னே, ஒவ்வொரு முறையும் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் அந்தக் கதையைச் சொன்னேன் என்று நினைத்தீர்கள்?”