கூடினாலும் சிவப்பு

துபாயில் நான் வேலை செய்யும் பருப்புப் பொட்டலக் கம்பெனியில் ஒரு தராசு இருக்கிறது. எடை குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். அது நியாயம். கூடினாலும் சிவப்பு எரிகிறதே, அதுதான் எனக்குப் புரியவில்லை. அரைக் கிலோ நிறுத்ததும் என் கை தானாக ஒரு பிடி அள்ளி மேலே போட்டுவிடும். கொசுறு போடாமல் பொட்டலத்தை மூட எனக்கு வராது.

மேற்பார்வையாளர் ரோசா பிலிப்பைன்ஸ்காரர். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் ஊருக்கு விமானம்தான். பார்வைக் கோளாறு என்று நினைத்து என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண் நன்றாக இருப்பதாகச் சீட்டு வந்தது. கோளாறு கையில் என்பதை எந்த மொழியில் சொல்வது?

அறையில் கூட இருக்கும் கூட்டேரிப்பட்டு ஏழுமலையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"யோவ், நீ இப்டி அள்ளிப் போட்டுக்கினு கீறதாலதான்யா நம்ப ஊரு முன்னேறல!"

"குடுக்கிறதாலயா ஏழையாவாங்க?"

"குடுக்கிறதால இல்லய்யா. நம்ப ஊர்ல எவன் தராச எவன் நம்புறான்? அதுக்குத்தான் மேல ஒரு பிடி. இங்க ஒரே தடவ நிறுத்துட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டே இருக்கான்."

"இங்க மண்ணுக்குள்ள எண்ணெய் கெடச்சுதே?"

"நமக்குக் கெடச்சிருந்தா அதுக்கும் கொசுறு கேட்டு சண்ட போட்டுக்கினு இருப்போம்."

சிரித்தேனே தவிர, தூக்கம் பிடிக்கவில்லை. ஊரில் இருந்தபோது, வல்லத்திலிருந்து மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டையைத் திண்டிவனம் மண்டிக்குக் கொண்டுபோவேன். வியாபாரி மாதிரிக்கு ஒரு பிடி எடுப்பார். எடை போடுபவர் ஒரு பிடி எடுப்பார். நான் முறைப்பேன். திரும்பும் வழியில் மளிகைக்கடையில் துவரம்பருப்பு வாங்கி, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கைநீட்டி நிற்பேன். காலையில் விட்ட பிடியை மாலையில் வேறொருவரிடம் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். எங்கள் ஏழ்மைக்கு அந்தப் பொழுதுகளும் ஒரு காரணமோ என்னவோ.

மறுநாளிலிருந்து கையை அடக்கினேன். மூன்றாவது கடிதம் வரவில்லை.

இந்த முறை விடுப்பில் போனபோது, கூட்டேரிப்பட்டு பேருந்து நிறுத்தத்தில் அவித்த மல்லாட்டை வாங்கினேன். என்னைப் பல வருடமாகத் தெரிந்த கடைக்கார அம்மா, அளந்து கொட்டியதும் மேலே ஒரு பிடி வைக்க வந்தார்.

"வேணாம்மா, அளவு சரியாத்தான் கீது."

அவர் கை அப்படியே நின்றது. "ஏண்ணா, நான் ஆசையா குடுத்தா ஆவாதா? வெளிநாட்டுக்காரரு ஆயிட்டியா?"

முகம் தெரிந்தவருக்குத் தரும் பிடி அது. ஏழுமலை கணக்கில் இது வரவே இல்லை. கூச்சத்தோடு பொட்டலத்தை மறுபடி நீட்டினேன்.

இப்போது மீண்டும் தராசின் முன் நிற்கிறேன். பச்சை எரிகிறது. என் கை ஒரு பிடி அள்ளுகிறது, பொட்டலத்தின் மேல் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு பருப்புத் தட்டுக்கே திரும்புகிறது.