மூடுபனிக்குள் ஓடிய கால்கள்

தீபாவளி முடிந்த அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வேலை மாற்றலாகி, கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்னும் ஊர்ப்பகுதிக்கு நாங்கள் குடிவந்தது அந்த ஆண்டு ஆனி மாதத்தில். நாள் கிழமை நினைவில் நிற்காத ஆள் நான். ஆனால் அந்தச் செவ்வாயை மறக்க நினைத்தாலும் முடியாது.

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. மலைக்கு வருமுன் கீழே நகரத்துப் பள்ளியில், விளையாட்டு விழாவில் அவள் ஓடியதை யாரோ செல்போனில் படமெடுத்து வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து, இங்கே வந்த பின்னும், பள்ளி விட்டால் கட்டில்தான். உடம்பு இப்படியே பருத்துக்கொண்டு போகக் கூடாது என்று மருத்துவரும் எச்சரித்துவிட்டார். சைக்கிள் வாங்கித் தந்தேன். உடற்பயிற்சி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து அவளிடம் ஒப்பித்தேன். "நீங்களே ஓடுங்கப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அன்று வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலி. வெளியே வாசல்படி தெரியாத அளவுக்கு மூடுபனி. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"மேகம் எறங்கினதும் கண்ணு மேட்டுக்காட்டுப் பக்கம் போச்சுங்க. இப்படி எறங்கற நாளெல்லாம் போகுதே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. மேட்டுக்காட்டின் கோடியில் ஒரு பாறையும், அதற்கு அப்பால் கிடுகிடு பள்ளமும் உண்டு என்பது மட்டும் தெரியும்.

சாமை அறுத்த காடு அது. உள்ளே நாலடி வைத்ததும் என் கைகளே மங்கலாகிவிட்டன. அப்போது ஏதோ ஒன்று மூச்சிரைக்க என்னைக் கடந்து போனது. காற்று மட்டும் கன்னத்தில் பட்டது. பிறகு பல கால்கள், அறுத்த சாமைத் தாளில் சரசரவென்று. பேச்சில்லை, சிரிப்பில்லை. எங்கிருந்தோ மெல்லிய குரலில் "ஊ..." என்று வந்தது. எல்லாக் கால்களும் ஒன்றாய் அந்தப் பக்கம் திரும்பின. அடுத்து வேறு திசையில் இன்னொரு "ஊ..." மறுபடி கால்கள்.

பள்ளத்துப் பக்கம் போயிருப்பாளோ என்று தடுமாறிப் போய்ப் பாறைமேல் ஏறி, மகளைக் கூப்பிட்டேன். கால்கள் நின்றன. பிறகு மொத்தமாய் என்னை நோக்கி வரத் தொடங்கின.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஓரடிக்கு அப்பால் தரையே இல்லை. பனி கீழிருந்து பொங்கி வந்துகொண்டிருந்தது.

"வராதீங்க" என்று கத்தினேன். கால்கள் இன்னும் வேகமாயின. பள்ளத்துக் காற்று சொல்லைத் தின்றுவிட்டுக் குரலை மட்டும் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் கத்தக் கத்த அவர்கள் நெருங்கினார்கள். அது உறைத்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கால்கள் தயங்கிச் சிதறின. ஒரு ஜோடி மட்டும் நிற்கவில்லை. அப்பாவின் குரலை அடையாளம் கண்டுகொண்ட கால்கள் அவை. பாறையில் செருப்பு உரசியது. எனக்கு வலப்பக்கம், விளிம்பை ஒட்டி, மூச்சு வாங்குவது கேட்டது. கூப்பிடவும் பயம், கூப்பிடாமலிருக்கவும் பயம்.

காட்டுக்குள்ளிருந்து நீளமாய் ஒரு "ஊ..." வந்தது. செருப்பு நின்றது, திரும்பியது, போய்விட்டது.

நான் தவழ்ந்து இறங்கி வந்தபோது நாலைந்து பெண்பிள்ளைகள் பனியிலிருந்து ஒவ்வொருத்தியாய் வெளிப்பட்டார்கள்.

"ஏனுங்க, பாறை மேல நின்னு யாராச்சும் கொரல் குடுப்பாங்களா?" என்றாள் உயரமானவள். "கொரல் வந்த பக்கம் ஓடறதுதானுங்க ஆட்டமே. நல்ல தரையில நிக்கறவங்கதான் குடுக்கோணும்."

"சாரும் ஆட்டத்துக்கு வாராருன்னு நெனச்சோமுங்க" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வேர்வை வழிய, முட்டியில் கையூன்றி நின்ற என் மகளும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், இந்தப் பனியில் எதற்கு என்று கேட்டேன்.

"இங்க யாரும் யாரையும் பார்க்க முடியாதுப்பா" என்றாள்.

மறுநாளே அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரரும் நானும் பாறைக்கு முன்னால் முள்வேலி போட்டோம். வேறெதையும் நான் மாற்றவில்லை. மேகம் இறங்கும் மாலைகளில் கால்கள் வீட்டைத் தாண்டி ஓடும். எது அவளுடையது என்று எனக்குத் தெரியாது. என் மகளை ஓட வைத்தது நான் இல்லாத ஓர் இடம்தான் என்பது இன்றும் எனக்குக் கொஞ்சம் கசக்கிறது, ஆனாலும் அந்தச் சத்தம் கேட்கும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டேன்.