கச்சான் காற்றில் கிளம்பிய விமானம்

எனக்குப் பொறுமை எப்போதுமே கம்மி. அந்த ஆடி மாதத்தில் அதுவும் போயிற்று. கொழும்பில் வாழ்க்கைப்பட்ட அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், உடனே புறப்பட்டு வரும்படியும் தந்தி வந்திருந்தது. விசா கைக்கு வருவதற்குள் தூத்துக்குடித் தெருக்களை நடந்தே தேய்த்துவிட்டேன்.

எழுபதுகளில் எங்கள் தெருவே ஆகாயத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் முன்பெல்லாம் ராமேஸ்வரம் போய்க் கப்பல் ஏறுவார்கள். இப்போது திருச்சிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் பிளேனில் போய் இறங்கினார்கள். திரும்பி வந்தால் ஒரு மாதத்துக்கு அதே பெருமைதான். கேட்டுக் கேட்டு எரிச்சல் வரும்.

அப்பாவுக்கு மட்டும் பிளேனில் நம்பிக்கை இல்லை. அவர் தண்டல், கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் ஆடி போன்ற மாதங்களில் தோணிகள் கரையேறிவிடும். அவரும் வீட்டில் சும்மா இருந்ததால், என்னை ஏற்றிவிடத் திருச்சிக்கு வந்தார். இன்ன நாள் வருகிறேன், விமான நிலையத்துக்கு வாருங்கள் என்று அக்கா கணவருக்குத் தந்தி கொடுத்தாயிற்று.

விடிந்ததுமே திருச்சி விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். கதவு திறக்கவில்லை. என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது.

“ஏளா, கச்சான் என்னமா வீசுது பாரு. இந்தக் காத்துல எவன் கெளம்புவான்? தணியட்டும். வா, சாப்பிட்டு வருவோம்.”

“டிக்கெட்டுல நேரம் போட்டிருக்குப்பா.”

“நேரம் போட்டா காத்து கேக்குமா?”

நான் மரங்களைப் பார்த்தேன். கிளைகள் முறிந்துவிடுவதுபோல் ஆடின. தண்டல் மகள்தானே, அவர் சொல்வது சரிதான் என்று எனக்கும் பட்டது. தலையாட்டினேன்.

சாலையோரக் கடையில் இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பிளேன் எங்கள் தலைக்கு மேல் ஏறிப் போயிற்று.

“அது வேற ஊரு பிளேனா இருக்கும்” என்றார் அப்பா. நான் ஓடினேன். ஓடி என்ன செய்ய?

அடுத்த பிளேன் மூன்று நாள் கழித்து. அந்த மூன்று நாளும் அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தைவிட, நானும் தலையாட்டியதுதான் என்னை அதிகமாக அரித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது.

“நீ வாரேன்னு தந்தி குடுத்த அன்னைக்கு பூரா நெனவோடதான் இருந்தா” என்றார் அக்கா கணவர். “தங்கச்சி வாரான்னு தலைய வாரிவிடச் சொன்னா. நீ ஏன் வரல?”

அப்பாவைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. “காத்து அதிகம், மச்சான். பிளேன் கெளம்பல” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பிளேன் வந்து இறங்கியதையும், கடைசி ஆள்வரை வெளியே வந்ததையும் மச்சான் விமான நிலைய வாசலில் நின்று பார்த்திருப்பார்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமா” என்றார். “கச்சான் காலம்லா.”