ஆம்புரோஸ் டெவ்லின் அடித்த ஒரே அடி

ஆம்புரோஸ் டெவ்லின் என்னோடு மூன்று குளிர்காலம் ஒரே ஐஸ் ஹாக்கி அணியில் ஆடியவன். அவன் முன்வரிசைக்காரன், நான் கோல் காப்பவன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பிப்ரவரி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கனடாவின் ஒட்டாவா ஆற்றோரத்து மரவெட்டிக் குடும்பம் அவனுடையது. பகலில் ரொட்டிக் கடையில் மாவு பிசைவான், சாயங்காலம் உறைந்த ஆற்றில் ஆடுவான். காசு வாங்கிக்கொண்டு ஆடுவதை அந்தக் காலத்தில் கேவலமாகப் பார்த்தார்கள். ஒருமுறை வாங்கினால் சொந்த ஊர் அணியில் மறுபடி இடமில்லை. தெரிந்தேதான் எங்கள் வெள்ளிச் சுரங்க ஊருக்கு ரயிலேறி வந்தான். சுரங்க முதலாளிகள் அணி வைத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கு உடையாதவன் எங்களில் யாருமில்லை. ஆம்புரோஸ் மட்டும், தான் மோதித் தள்ளியவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுப் போவான். எங்கள் அணியின் முரடன் ஹார்ட்லி வோஸ்பருக்கு அது பெரிய வேடிக்கை.

“வாங்க சாமியாரே, இன்னிக்கு எத்தனை பேருக்கு ஆசீர்வாதம்?”

“மொதல்ல உனக்குத்தான்டா. உனக்குத்தான் அவசரமாத் தேவைப்படுது.”

1909 பிப்ரவரியில் பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். நாலுக்கு நாலு என்று நின்றது. அவர்களுடைய தடுப்பாளன் லியாண்டர் மொஃபாட் ஆரம்பத்திலிருந்தே ஆம்புரோஸின் மணிக்கட்டில் மட்டையால் தட்டிக்கொண்டே இருந்தான். கடைசிப் பத்து நிமிஷத்தில் என் கோலுக்கு முன்னால் கைகலப்பு மூண்டது. பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். விலகியபோது மொஃபாட் மட்டும் எழுந்திருக்கவில்லை. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவன் இறந்துபோனான். நாங்கள் தங்கியிருந்த விடுதியில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து ஹார்ட்லியைப் பிடித்துப் போனது. அவன் மட்டையைச் சுழற்றியதைப் பாதிக் கூட்டம் பார்த்திருந்தது.

ஆம்புரோஸ் கரண்டியைக் கீழே வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தான். ஏதோ சரியில்லை என்று பட்டது. நானும் பின்னாலேயே போலீஸ் நிலையம் வரை போனேன்.

“மொஃபாட்டை அடிச்சது நான்தான். ஹார்ட்லிய விட்டுடுங்க,” என்றான் போலீஸ் அதிகாரியிடம்.

அவர் சிரித்துவிட்டார். “சிநேகிதனைக் காப்பாத்த வந்தியா? வீட்டுக்குப் போ, டெவ்லின்.”

“அவன் எனக்குச் சிநேகிதன் இல்லைங்க. மொஃபாட் குனிஞ்சிருந்தான். பாத்துத்தான் அடிச்சேன்.”

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி அதை எழுதிக்கூடக் கொள்ளவில்லை. ஏப்ரலில் வழக்கு வந்தது. ஆம்புரோஸ் கூண்டில் ஏறி அதையே சொன்னான். மற்ற சாட்சிகளில் பாதிப் பேர் ஹார்ட்லி என்றார்கள், மீதிப் பேர் யார் என்று தெரியவில்லை என்றார்கள். ஆம்புரோஸின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. என்னையும் கேட்டார்கள். ஒருவன் முதுகு மறைத்திருந்தது, அடித்ததை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அடித்தது யார் என்று உறுதியாகாததால் ஹார்ட்லியை விடுவித்தார்கள். ஆம்புரோஸ் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. வெளியே வந்தால், தோழனுக்காகக் கழுத்தை நீட்டியவன் என்று ஊரே ஆம்புரோஸைப் பார்த்துக் கைதட்டியது.

“கிளெம், நான் ஒருத்தனைக் கொன்னுட்டேன்னு சொல்றேன்,” என்றான் என்னிடம். “இவங்க கைதட்டுறாங்கடா.”

அடுத்த வருஷத்துக்கு இரண்டு மடங்கு சம்பளம் தருவதாக முதலாளி ஆளனுப்பினார். ஆம்புரோஸ் பெட்டியைக் கட்டினான். மொஃபாட்டின் ஊருக்குப் போகிறேன் என்றான். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

மொஃபாட்டின் மனைவி ஹனோரா கதவைத் திறந்தாள். தோளில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை.

“அம்மா, உங்க வீட்டுக்காரரை அடிச்சது நான்தான். கோர்ட்டுல சொன்னேன், நம்பல.”

“தெரியும்,” என்றாள். “அன்னிக்கு ஆட்டத்துல மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். நீங்க ஓங்குனதைப் பாத்தேன்.”

“அப்ப ஏம்மா சொல்லல?” என்று கேட்டுவிட்டேன்.

“மறுநாளே போலீஸ்ல போய்ச் சொன்னேங்க. அவன் அப்படிப்பட்ட ஆளே இல்ல, நீ அழுதுக்கிட்டு சரியாப் பாத்திருக்க மாட்டேன்னாங்க. சொல்லிச் சொல்லி, எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துடுச்சு.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “ஏன் அடிச்சீங்க?”

ஆம்புரோஸ் அவளை நேராகப் பார்த்தான். “மணிக்கட்டு வலிச்சுதும்மா. அதுக்கு மேல ஒரு காரணமும் இல்ல.”

அவள் கதவைச் சாத்தினாள்.

அதன்பின் அவன் ஆடவேயில்லை. ஆற்றோரத்து மரம் அறுக்கும் மில் ஒன்றில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்து, நுரையீரல் காய்ச்சலில் போனான். குளிர்காலத்தில் எல்லாரும் உறைந்த ஆற்றைக் குறுக்கே நடந்துதான் மில்லுக்குப் போவார்களாம். அவன் மட்டும் இரண்டு மைல் சுற்றிப் பாலத்து வழியாகவே வருவானாம். அடக்கத்தன்று மில் மேஸ்திரி இதைச் சொல்லிவிட்டு, காரணம் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.