எண்ணெய் குடித்த கல்

நான் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். சேலத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நின்றுதான் பேச வேண்டிய அளவுக்கு ஒரு கடை. ஒருநாள் ஒரு தாய் அங்கே வந்து ஒரு கல்லைத் திருப்பிக் கேட்டாள். நான் அதை ஏற்கெனவே அறுத்துத் தீர்த்திருந்தேன். இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவியிடம் பாதி சொன்னேன், அதற்கே இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மணி பார்க்க இப்போது யாருக்கும் கடிகாரம் தேவையில்லை. ஆனால் கடிகாரப் பைத்தியங்கள் எல்லா ஊரிலும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல் டயல் வேண்டும். முள்ளுக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கல்லைச் சீவி வைப்பது. பச்சைக் கல், நீலக் கல், புலிக்கண் கல் எல்லாம் ஜெய்ப்பூரிலிருந்து பார்சலில் வரும். சேலத்துக்காரன் என்ற திமிரில் நம் ஊர் வெள்ளைக்கல்லையும் சீவிப் பார்த்தேன். சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்து மானத்தை வாங்கியது.

கல்லை நகத்தின் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடினாலும் முள் கண்ணாடியில் இடிக்கும். வைர பிளேடில் ஒரு வில்லை அறுத்து, பித்தளைத் தகட்டில் பசை போட்டு ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைப்பேன். கடைசியில் முள் மாட்ட நடுவே ஓட்டை. கல் தன் குணத்தைக் காட்டுவது அங்கேதான். ஒரு வாரத்து வேலை ஒரு சின்னச் சத்தத்தில் போய்விடும். கல்லைக் கெட்ட வார்த்தையில் திட்டுவேன், தொழுதுவிட்டு வந்து மறுபடியும் திட்டுவேன்.

நான் செய்த கல் டயலின் படத்தை யாரோ அவருக்குப் போனில் காட்டியிருக்கிறார்கள். ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தேடிக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்கிய வயது. துண்டைப் பிரித்து ஒரு கல்லையும் கண்ணாடி கீறிப்போன ஒரு வாட்சையும் மேசையில் வைத்தார். கல் கைக்குள் அடங்கும் அளவு, சாம்பல் நிறம், குறுக்கே ஒரு கறுப்பு வரி. ஆற்றோரம் காலில் இடறுகிற கல்.

“ஏனுங்க பாய், இந்தக் கல்லுல இந்த வாச்சுக்கு டயலு வெச்சுக் குடுக்க முடியுங்களா?”

“இது ஒண்ணுக்கும் ஆகாத கல்லுங்க. நல்ல கல்லா நானே வெச்சுத் தரட்டுமா?”

“இதேதானுங்க வேணும்.”

கையில் எடுத்தேன். நல்லெண்ணெய் வாசம். சின்னக் குழிகளில் மஞ்சள் ஒட்டியிருந்தது. ஏது என்று கேட்டேன். “ஊட்டுக் கல்லுங்க” என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

எனக்கு அப்போதே ஏதோ தட்டுப்பட்டது. இத்தனை வருஷம் இந்துக்கள் நடுவே கடை வைத்திருக்கிறவனுக்கு, எண்ணெயும் மஞ்சளும் பூசின கல் சும்மா கிடந்த கல் இல்லை என்று தெரியாதா? இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் சுருட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று கேட்கவில்லை. எண்ணெய் குடித்த கல்லை ஒட்ட வைக்க முடியுமா என்று பார்த்துவிடுகிற அரிப்பு எனக்கு. ஆணவம் என்றே சொல்லலாம்.

முதல் வில்லையைப் பசை பிடிக்கவே இல்லை. ஒட்டின மறுநாள் அப்பளம் மாதிரி கிளம்பி வந்து உடைந்தது. விடுவேனா? மிச்சமிருந்த வில்லைகளைச் சோடா உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தேன். தின்னரில் ஊறப்போட்டேன். மாடியில் தகரத்தின் மேல் நாள்கணக்கில் காயவைத்தேன். வாசம்கூட இல்லாமல் எண்ணெயை எடுத்துவிட்டு, பெரிய வெற்றி என்று டீ வாங்கிக் குடித்தேன். ஓட்டை போடும்போது இன்னும் இரண்டு போயின. கடைசி ஒன்று நின்றது. கறுப்பு வரி இரண்டு மணியிலிருந்து எட்டு மணிக்குச் சாய்வாக ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவர் வந்து வாங்கினார். கட்டிக்கொண்டு, அடுத்த கையால் வாட்சைப் பொத்தியபடியே பஸ்ஸுக்கு நடந்தார். வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மா வந்தாள். அவருடைய மனைவி என்று சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எங்கூட்டுக்காரரு ஒரு கல்லுக் குடுத்தாருங்களே, மிச்சம் இருந்தாக் குடுங்க பாய். ஆத்துல உடோணும்.”

எதற்கு என்று கேட்டேன். அன்றைக்குக் கேட்க வேண்டியதை இப்போது கேட்டேன்.

“எம் பையன் லாரி அடிச்சுப் போயிட்டானுங்க. ஒத்தப் பையன். கருமாதியன்னைக்கு மோகனூர் ஆத்தங்கரையில கல்லு நட்டு, அவனை அதுல கூப்புட்டு, எண்ணெ தேச்சு, பால் ஊத்தி, சோறு வெச்சமுங்க. அப்பறம் அந்தக் கல்லை ஆத்துல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்தரோணும். அப்பத்தான் அவன் போய்ச் சேருவான். இவரு வேற கல்லைப் போட்டுட்டு அதைத் துண்டுல மறைச்சுக் கொண்டாந்துட்டாருங்க. பையன் தெனமும் கனாவுல வாரான். கரையிலயே நிக்கறான். போக உடு, போக உடுங்கறான்.”

இல்லை என்று தெரிந்தும் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினேன். உடைந்த வில்லைகளும் அறுத்த ஓரத் துண்டுகளும் குப்பை வண்டியில் போய்ப் பல நாள் ஆகிவிட்டது.

“அறுத்த பொடியாச்சும் இருக்குங்களா?”

“தண்ணியோட ஊத்திட்டேம்மா.”

“எங்கீங்க?”

வாசலில் ஓடுகிற சாக்கடையைக் காட்டினேன். அவள் போய் அதன் ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தாள். ஒரு டீ கப் மிதந்துகொண்டிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்களில், மூன்று பிடி மண் போட்டுவிட்டால் இறந்தவர் அல்லாவின் பொறுப்பு. அவர்களில் அதற்கு ஒரு கல்லும் ஆறும் வேண்டியிருக்கிறது. அந்தப் பையனின் வழியை அவன் அப்பா பாதி அடைத்தார், மீதியை நான் அடைத்தேன்.

“அவரு கையில இருக்கறதையாச்சும் வாங்கிக் குடுங்க பாய். நாங் கேட்டா அடிக்க வாராரு. ரிப்பேருன்னு சொல்லி வாங்கி, வேற கல்லை வெச்சுட்டு அதை எனக்குக் குடுங்க.”

உடனே சரி என்றேன். யோசிக்கவே இல்லை. பாவத்தைக் கழுவ ஒரு வழி கிடைத்ததே என்ற அவசரம்.

மோகனூருக்கு நானே பஸ் ஏறினேன். கரையில் குனிந்து குனிந்து, சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி ஓடுகிற கல்லைப் பொறுக்கினேன். இந்தக் கல்லைப் பசை உடனே பிடித்தது. டயல் தயாரானதும் அவருக்குப் போன் செய்து, பசை இளகியிருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். மறுநாளே நம்பி வந்தார். கழற்றிக் கொடுக்க மட்டும் மனசு வராமல் கொஞ்ச நேரம் நின்றார்.

அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பழைய டயலைத் தூக்கினேன். நடு ஓட்டையிலிருந்து மூன்றாக விண்டுவிட்டது. துண்டுகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதியதை மாட்டினேன்.

அவர் வந்து வாட்சை வாங்கினார். ஒரு நொடிதான் பார்த்தார்.

“இது எம் பையன் இல்லீங்க.”

அதுவரை பையனைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“அவ வந்தாளுங்களா?”

“வந்தாங்க.”

“அவளுக்கு அவன் போகோணும். எனக்கு அவன் போகக்கூடாதுங்க. அவ்வளவுதான்.”

துண்டுகள் என் நெஞ்சுக்கு நேரே பையில் இருந்தன. எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த அம்மாவுக்குச் சொன்ன வார்த்தைக்காகக் கொடுக்கவில்லை. சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் வாட்சை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

மறுநாள் அந்த அம்மா வந்து, துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு என் கடையிலிருந்தே மோகனூருக்குப் போனாள். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் செய்தாள்.

“உட்டுட்டனுங்க பாய். திரும்பிப் பாக்காம வந்தேன்.”

“வீட்ல அவர் எப்படி இருக்காரும்மா?”

“சுவத்தப் பாத்துப் படுத்துக்கெடக்கறாரு. எங்கூடப் பேசறதில்லீங்க.”

அதற்கு மேல் கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன். “பையன் இன்னும் கனாவுல வர்றானாம்மா?”

“வாரானுங்க. முன்னெல்லாம் முழு ஆளா நிப்பான். இப்ப இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லீங்க. மிச்சம் எங்கம்மான்னு கேக்கறான். நா என்னன்னு சொல்லட்டுங்க பாய்?”

போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்ச் சாக்கடைக்குள் பார்த்தேன். அவளும் அந்தப் பக்கம் வைக்காமல் காத்திருந்தாள்.