ஓட்டத் தெரியாதவரின் மூன்று வண்டிகள்

காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதே ரெங்கசாமி மூன்று வண்டிகளின் டயரையும் உதைத்துப் பார்த்துவிடுவார். மலேசியாவில், போர்ட் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்கிற ஒரு பழைய கார், ஒரு மோட்டார் சைக்கிள், மீன் விற்கும் கமலநாதனின் வேன். மூன்றும் ரெங்கசாமி பெயரில்தான் பதிவு. ஒன்றைக்கூட அவருக்கு ஓட்டத் தெரியாது.

துறைமுகக் கிடங்கில் அவருக்கு நிரந்தர வேலை. அவர் சம்பளச் சீட்டைப் பார்த்தால் வங்கிக்காரன் நாற்காலி போடுவான். எங்களையெல்லாம் பார்த்தால் கதவைச் சாத்துவான். அதனால் வண்டி வேண்டியவர்கள் அவரிடம் போய்க் கடனுக்குப் பெயர் கேட்போம். தவணையை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும். "பேருதானே, தேஞ்சா போயிரும்?" என்பார். வாங்கிக் கொடுத்தால் ஒரு தே தாரிக் டீ குடிப்பார், அதிலும் நுரையை ஊதித் தள்ளிவிட்டுத்தான். வேறு எதுவும் வாங்கமாட்டார்.

கமலநாதன் காய்ச்சலில் படுத்தபோது கூலிக்கு ஓட்டியவன், வேனுக்குள் சாபு வைத்திருந்து பிடிபட்டான். ஆளும் உள்ளே, வேனும் உள்ளே. போதைப்பொருள் கேஸ், சும்மாவா? கமலநாதன் இரவல் மோட்டாரில் பாதி மீனைக் கட்டிக்கொண்டு பாசார் சந்தைக்கு அலைந்தான், மீதி வீட்டில் நாறியது. ஸ்டேஷனில் போய்க் கேட்டான். வேன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வரட்டும் என்று விரட்டிவிட்டார்கள்.

போனால் தன்னையும் பிடித்து வைப்பார்கள், வேலை போய்விடும் என்று ரெங்கசாமிக்கு உதறல். இருந்தும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் லோரியில் ஏறி உட்கார்ந்தார்.

விசாரித்தவர் சார்ஜன் வேலாயுதம், நம்ம ஆள்தான். "வேன் உங்களோடதா அங்கிள்? லைசென்ஸ் எங்க?"

"இல்ல சார். ஓட்டத் தெரியாது."

"மோட்டார்?"

"அதுவும் பயம் சார்."

சார்ஜன் பேனாவை வைத்துவிட்டார். "மூணு வண்டி இருக்கு, லைசென்ஸ் இல்ல. என்ன காமெடி பண்றீங்களா?"

"ஆளுங்க கேட்டாங்க, பேரு குடுத்தேன் லா சார்."

"நாளைக்கு லோக்கப்புக்குப் பேரு கேட்டாலும் குடுப்பீங்களா?"

ரெங்கசாமி சட்டைப் பொத்தானைத் திருகினார். "அவன் மீன்காரன் சார். வேன் இல்லாட்டி அவன் வீட்ல சோறு இல்ல. என்னைய நல்லா திட்டிக்குங்க."

திட்டத்தான் செய்தார்கள். பல தடவை அலையவும் விட்டார்கள். கடைசியில் பிடிபட்டவனே சரக்கு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டான். இவர்கள் இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்து, வேனை விட அரசு வக்கீலும் சரி சொன்னார். போன வெள்ளிக்கிழமை சார்ஜன் சாவியை ரெங்கசாமி கையில் வைத்தபோது எனக்கே மூச்சு வந்தது.

பறிமுதல் வண்டிகள் நிற்கும் திடலில் வேன் புழுதி மூடிக் கிடந்தது. கமலநாதன் அதன் முகப்பைத் துண்டால் துடைத்தான், அப்படியே தன் கண்ணையும். "குடுங்க மாமா, போலாம்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

ரெங்கசாமி கொடுக்கவில்லை. பின்கதவைத் திறந்தார். சலவைச் சட்டையோடு அந்த நாற்றத்துக்குள் முட்டி போட்டு ஏறி, காலி மீன் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசிப் பெட்டியையும் தட்டிவிட்டு இறங்கி, செதில் ஒட்டிய கையால் சாவியை நீட்டினார்.