வாடகைக்கு உதவி கேட்டவள் வெட்டிய கேக்

வாடகைக்கு எடுத்து வைக்காமல் கிளெனிஸ் ஹார்கர் ஒரு நாளும் ரொட்டி வாங்கியவள் இல்லை. சம்பளம் வந்ததும் முதலில் வாடகை, அடுத்து நகராட்சிக்குக் கட்டுகிற கவுன்சில் வரி, அதற்குப் பிறகு மிச்சமிருந்தால் வயிறு. அவள் அம்மா அப்படித்தான் குடும்பம் நடத்தினாள். தார்ன்பெக் ஊரில் ஆலைகள் எல்லாம் மூடிய பிறகும் அந்தத் தெருக்காரர்கள் அப்படித்தான் நடத்தினார்கள். யாருக்கும் பாக்கி வைக்காதே, யார் வாசலிலும் போய் நிற்காதே. நல்ல புத்திதான். அந்த நல்ல புத்திதான் அவள் காலை வாரிவிட்டது.

கிளெனிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் வேலை. உருளைக்கிழங்கு மசிப்பாள், தட்டுக் கழுவுவாள், சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளை அதட்டுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு காலத்தில் ஒருவர் வந்து கேட்டார். கேட்டவர் சும்மா கேட்டிருக்கலாம். "தங்கச்சிய ஏதாவது இல்லத்துல சேர்த்துடலாமே" என்றும் சேர்த்துக் கேட்டுவிட்டார். வந்த வழியே அனுப்பிவிட்டாள்.

தங்கை ஹெதர், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அம்மா போனதிலிருந்து அக்காவோடுதான் இருக்கிறாள். ஐம்பதைத் தொடப்போகிற ஹெதருக்குக் காசு எண்ணத் தெரியாது, கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பி, மூலையில் இருக்கிற ரொட்டிக்கடைக்குப் போய், அங்கிருந்து தேவாலயக் கூடத்துக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்கு வருகிற பெரியவர்களுக்குக் கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு, தனியாகவே வீடு திரும்புவாள். "நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவாள்.

அந்த வழியை அவள் கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. கிளெனிஸ் பின்னாலேயே நடந்தாள். தபால் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். ஹெதர் தவறான பக்கம் திரும்பும்போதெல்லாம் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு நாள் ஹெதர் தானாகவே திரும்பி வந்து, கையிலிருந்த ரொட்டியைக் காட்டினாள். கிளெனிஸ் அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதாள்.

ஆகவே அந்த வீடு போனால் வீடு மட்டும் போகாது. ஹெதரின் காலும் போய்விடும். வாடகை குறைந்த வீடு வேண்டுமென்றால் ஊருக்கு மேலே, லாரிகள் பறக்கிற பெரிய சாலைக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். அந்தச் சாலையை ஹெதரால் தனியாகக் கடக்க முடியாது. இன்னொரு வழியைக் கற்றுக்கொடுக்க கிளெனிஸிடம் இன்னொரு குளிர்காலமும் இல்லை, முட்டியில் அந்த வலுவும் இல்லை.

வீட்டுக்காரக் கிழவர் இருந்தவரை பிரச்சினை வரவில்லை. அவர் போனார், மகன் வந்தான், வந்த வேகத்தில் வாடகையை ஏற்றினான். அரசாங்கம் தருகிற வாடகை உதவி ஒரு வரம்போடு நின்றுவிடும். அந்த வரம்புக்கு மேலே துண்டு விழுவதை நீயே பார்த்துக்கொள். கவுன்சில் வரியிலும் அப்படித்தான், ஏழைக்கும் ஒரு பங்கு உண்டு என்று புதிதாகச் சட்டம் போட்டிருந்தார்கள். இரண்டையும் கட்ட கிளெனிஸ் முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு ஹீட்டரை நிறுத்தினாள். அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் கோட்டுப் போட்டு உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். ஆனால் வாடகை ஒரு நாள் தள்ளிப் போகவில்லை. அதுவும் முடியாமல் போகிற நாள் பக்கத்தில் வந்துவிட்டது என்று கிளெனிஸுக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு கிளிஃப்தான் சொன்னான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், தெருவின் வாய் அவன்தான்.

"கவுன்சில்ல கூடுதல் உதவின்னு ஒண்ணு இருக்கு. துண்டு விழுற வாடகைக்கும் தருவாங்க, வரிக்கும் தருவாங்க. கேட்டாத்தான் தருவாங்க. தானா வந்து குடுக்க அவங்க என்ன கிறிஸ்துமஸ் தாத்தாவா?"

"நான் யார்கிட்டயும் கேட்டதில்ல கிளிஃப்."

"தெரியும். அதான் மூஞ்சி இப்படி மெழுகு மாதிரி இருக்கு. உனக்காகக் கேக்காத. அந்தப் புள்ளைக்காகக் கேளு."

கேட்டாள். என்ன வருகிறது, என்ன போகிறது என்று எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னாள். கவுன்சிலிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றார்கள். அவர் பெயர் கெல்சால்.

இங்கேதான் கிளெனிஸ் அந்தக் காரியத்தைச் செய்தாள். அந்தத் தெருவில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் வாசற்படியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். திரைச்சீலையை அலச வேண்டும். விருந்தாளிக்கென்றே இருக்கிற முன்னறையைத் திறக்க வேண்டும். அம்மாவின் ரோஜாப்பூப் போட்ட கோப்பைகளை இறக்க வேண்டும். குளிரில் விருந்தாளியை உட்கார வைக்கக் கூடாது. காசு போட்டால்தான் கரண்ட் வருகிற மீட்டருக்கென்று அந்த வாரம் வைத்திருந்ததை கிளெனிஸ் மொத்தமாக ஏற்றி, காலையிலிருந்தே முன்னறை ஹீட்டரைப் போட்டுவிட்டாள். வெண்ணெயும் முட்டையும் வாங்கி, நடுவில் ஜாம் தடவிய கேக் ஒன்று செய்தாள். கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் ஊரில் சொல்வதை அந்த ஊரில் யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், அப்படியே வாழ்ந்துவிடுவார்கள்.

கெல்சால் மோசமான ஆள் இல்லை. நனைந்த குடையை வெளியிலேயே வைத்தார், காலணியைத் துடைத்துவிட்டு வந்தார். ஹெதர் தன் வேலையை மறக்கவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எத்தனை கரண்டி?" என்றாள்.

"ரெண்டு போடும்மா. ரொம்ப நன்றி," என்றார் அவர். கேக்கைத் தின்றுவிட்டு, "இதை நீங்களே பண்ணினீங்களா? எங்க வீட்டுல கடையிலதான் வாங்குறோம்," என்றார். "இன்னொரு துண்டு எடுத்துக்கங்க மிஸ்டர் கெல்சால்," என்றாள் கிளெனிஸ். எடுத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார், கை குலுக்கிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் கிளெனிஸ் ஹீட்டரை அணைத்தாள். அந்த வார மிச்சம் முழுக்க அவர்கள் இருட்டோடு இருட்டாக ஏழு மணிக்கே படுத்தார்கள்.

உதவி கிடையாது என்று பதில் வந்தது. கிளெனிஸ் பள்ளிக்கூட ஏப்ரனோடு நேரே கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினியைப் பார்த்துப் படித்தாள்.

"வீடு கதகதப்பா, வசதியா, நல்லா பராமரிச்சு இருக்குன்னு போட்டிருக்கு. வாடகை பாக்கி இல்ல, வரி பாக்கி இல்ல. சாப்பாட்டுக்கும் ஹீட்டருக்கும் நீங்க சொன்ன செலவைக் கழிச்சா கொஞ்சம் மிச்சமே வருது. கஷ்டம் இருக்குறதா தெரியலைங்க."

"அந்தச் செலவு ஏன் அவ்வளவு கம்மின்னு யாராவது கேட்டாங்களாம்மா? நாங்க ஹீட்டர் போடுறதில்ல. நான் ராத்திரி சாப்பிடுறதில்ல."

"ஆனா அன்னிக்கு ஹீட்டர் ஓடிட்டு இருந்துச்சுன்னு இருக்கே."

"அது உங்க ஆளுக்காகப் போட்டது."

அந்தப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். "மறுபரிசீலனை கேக்கலாங்க. திரும்ப ஒரு தடவ வந்து பார்ப்பாங்க. இது உரிமைப்படி குடுக்குறது இல்லைங்க, நிலைமையைப் பார்த்துக் குடுக்குறது," என்றாள்.

நிலைமையைப் பார்த்து! நிலைமை அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் அது மூலையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். பட்டினி கிடந்து வாடகை கட்டியவளுக்குப் பாக்கி இல்லை, அதனால் கஷ்டமில்லை. குளிரில் கிடந்தவள் ஹீட்டருக்குச் செலவழிக்கவில்லை, அதனால் கையில் மிச்சம் இருக்கிறது. இப்படிக் கணக்குப் போடவும் ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளம். அந்த அலுவலகத்தில் அன்றைக்கு ஹீட்டர் எப்படி எரிந்தது தெரியுமா? சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்ததைக் கேட்டதும் கிளிஃப் தலையில் அடித்துக்கொண்டான்.

"கேக் குடுத்தியா? கேக்கா? ராணியே வந்தாலும் இந்தத் தெருவுல யாரும் கேக் குடுக்க மாட்டாங்களே. அழுத புள்ளைக்குத்தான் பால். நீ சிரிச்சுக்கிட்டு உக்காந்து ஜாம் தடவியிருக்க. என் வீட்டுக்கு வந்தப்ப நாய் படுக்குற நாற்காலியில உக்கார வெச்சேன். ஒரே வாரத்துல காசு வந்துச்சு."

"உன் வீட்டுல வேற நாற்காலி இருந்தாத்தானே."

"பேசு. நல்லா பேசு. இந்தத் தடவ அந்த ஆளு வர்றப்போ ஹீட்டரும் கிடையாது, டீயும் கிடையாது. தண்ணிகூடக் குடுக்காத. உன்னால முடியுமா?"

அந்த மாதம் முதல்முறையாக வாடகையில் துண்டு விழுந்தது. மாத முடிவுக்குள் முழு வாடகையும் வராவிட்டால் காலி செய்யச் சொல்லிவிட்டான் வீட்டுக்காரன் மகன்.

கெல்சால் இரண்டாம் முறை வந்தது உறைபனி விழுந்த ஒரு காலை. வாசற்படி கழுவவில்லை. முன்னறையைத் திறக்கவில்லை. அடுப்படி மேசையிலேயே உட்கார வைத்தாள். அக்காவும் தங்கையும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக எதிரே உட்கார்ந்தார்கள். பேசும்போது மூன்று பேர் வாயிலிருந்தும் புகை வந்தது. கெல்சால் கையைத் தேய்த்துக்கொண்டார். கெட்டில் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஹெதர் எழுந்தாள், சர்க்கரைக் கிண்ணம் இருந்த அலமாரியிடம் போனாள்.

"உக்காருடி," என்றாள் கிளெனிஸ்.

"டீ வேண்டாமா?"

"உக்காருன்னு சொன்னேன்ல."

ஹெதர் உட்கார்ந்தாள். அக்கா தன்னை அப்படி அதட்டி அவள் கேட்டதே இல்லை.

"போன தடவ வீடு நல்லா கதகதப்பா இருந்துச்சே, மிஸ் ஹார்கர்," என்றார் கெல்சால்.

"நீங்க வர்றீங்கன்னு போட்டேன். நீங்க போனதும் அணைச்சேன். அதுக்கப்புறம் அந்த வாரம் போட மீட்டர்ல காசு இல்ல."

"அந்தக் கேக்..."

"அதுவும் உங்களுக்குத்தான். ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க. அதையும் எழுதினீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. அலமாரியைத் திறந்து பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டார். பாருங்கள் என்றாள். முன்பின் தெரியாத ஆண் ஒருவர் தன் அலமாரியைத் திறந்து, ஒரு பொட்டலம் ஓட்ஸையும் இரண்டு டின் பீன்ஸையும் எண்ணுவதை கிளெனிஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா உயிரோடு இல்லாதது நல்லது என்று அப்போது நினைத்தாள். அவர் பேனா குளிரில் எழுதவில்லை. வாயருகே வைத்து ஊதி ஊதி எழுதினார். "என்னால முடிஞ்சதைப் பண்றேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கிளெனிஸ் வாசல்வரை போகவில்லை.

உதவி கிடைத்தது. துண்டு விழுந்த வாடகை, கவுன்சில் வரியில் ஒரு பகுதி, இரண்டுக்கும். மூன்று மாதத்துக்கு. அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும், மறுபடி ஆள் வந்து பார்க்கும். கிளிஃப் தெருவின் அந்தப் பக்கமிருந்தே, "பார்த்தியா, நான் சொல்லல?" என்று கத்தினான். அவன் சொன்னது சரிதான். அவன்மீதுகூட அன்றைக்கு கிளெனிஸுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை ஹெதர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது கிளெனிஸ் சொன்னாள்.

"நாம இங்கேயேதான் இருக்கப் போறோம். நீ வேலைக்குப் போகலாம்."

ஹெதர் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மாமா மறுபடி வருவாரா?"

"வருவாரு."

ஹெதர் அலமாரியைத் திறந்து சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு ரெண்டு கரண்டி. அன்னிக்கு அவருக்குக் குளிருச்சுக்கா. நாம டீ குடுக்கல. இந்தத் தடவையாவது குடுப்போமா?"

கிளெனிஸ் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, அலமாரியில் ஓட்ஸ் பொட்டலத்துக்குப் பின்னால், கைக்கு எட்டாதபடி தள்ளி வைத்தாள்.

"குடுக்க மாட்டோம்டி," என்றாள்.